பிரயாணத்துக்கு ஏற்ற தோசைக்கல் எது?

குலதெய்வம் கோவிலுக்குப் புறப்படுகிறது ஒரு குடும்பம். பெரியவர்கள், குழந்தைகள் எல்லாரும் சேர்த்து 14 பேர். ஒரு வேன். 3 நாள் பயணம்.

முதல் நாள் பற்றிக் கவலை இல்லை. புளியோதரை இருக்கிறது. எலுமிச்சம்பழச் சாதம் இருக்கிறது. மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி இருக்கிறது. கட்டுச்சோறு மாலை வரை தாங்கும்.

இரண்டாம் நாள் காலையில் என்ன செய்வது?

14 பேரும் ஓட்டலில் சாப்பிட்டால் பணம் கரைந்து போகும். கோவில் காட்டுப் பக்கம் இருந்தால் ஓட்டலே இராது. குழந்தைக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. தாத்தாவுக்குக் காரம் ஆகாது.

அதனால்தான் பல குடும்பங்களின் வேனில் ஒரு தோசைக்கல்லும் ஏறிக்கொள்கிறது. மரத்தடியில் அடுப்பு மூட்டிக் கல்லைப் போட்டால், சுடச்சுடத் தோசை! சப்பாத்தியும் சுடலாம். அடையும் வார்க்கலாம்.

ஆனால், வீட்டில் நன்றாக வேலை செய்கிற கல் வெளியூரில் காலை வாரிவிடும். நடுவில் கருகும். ஓரத்தில் வேகாது. வழியில் விழுந்து உடையும். சில வேளைகளில் கல்லோடு கூடப் போகும் அடுப்பு உயிருக்கே ஆபத்தாக முடியும். அப்படி முடிந்தும் இருக்கிறது.

பெயர்தான் கல்!

"தோசைக்கல்" என்கிறோம். ஆனால் இன்று பெரும்பாலான வீடுகளில் இருப்பது கல் அல்ல, இரும்பு.

நிஜமான கல்லும் உண்டு. மாக்கல்லில் குடைந்து எடுத்த கல்சட்டியைப் பல வீடுகளில் பார்த்திருக்கலாம். அதே மாக்கல்லில் தோசைக்கல்லும் செய்து விற்கிறார்கள். நிதானமாகச் சூடேறும். ஏறிய சூடு சீக்கிரம் இறங்காது. வீட்டுக்கு நல்லது. பிரயாணத்துக்கு ஆகாது. கனம் அதிகம். ஓர் இடி பட்டால் விரிசல் விழும்.

கடையில் கிடைக்கும் இரும்புக் கல்லில் இரண்டு வகை. ஒன்று, உருக்கி அச்சில் ஊற்றிச் செய்த வார்ப்பிரும்புக் கல். மற்றொன்று, தகட்டை வெட்டிச் செய்த கல்.

வார்ப்பிரும்பில் தோசை அருமையாக வரும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. கீழே விழுந்தால் வளையாது, உடையும்! ஒரே ஒரு முறை வேன் படியிலிருந்து தார் ரோட்டில் விழுந்தால் போதும். இரண்டு துண்டாகிவிடும். உடைந்ததை ஒட்ட வைத்துப் பழையபடி ஆக்குவது கஷ்டம்.

தகட்டுக் கல் விழுந்தால் ஓரம் நசுங்கும். அவ்வளவுதான். பட்டறையில் கொடுத்துத் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். ஆகவே ஊர் ஊராகப் போகும் கல் தகட்டுக் கல்லாக இருப்பதே நல்லது. வார்ப்பிரும்புக் கல் வீட்டிலேயே இருக்கட்டும்.

அலுமினியம் இரும்பைவிட மிகவும் லேசு. ஒரே அளவுள்ள இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். சூட்டையும் வேகமாகப் பரப்பும். சப்பாத்திக்குச் சரி. தோசை மாவு அதில் அடிக்கடி ஒட்டிக்கொண்டு வம்பு செய்யும்.

"நான்ஸ்டிக்" எனப்படும் ஒட்டாத கல்லை விறகு அடுப்பில் வைக்கவே கூடாது. அதன் மேல் பூசியிருக்கும் பூச்சு 260 டிகிரி சூட்டுக்கு மேல் கெடத் தொடங்கும். விறகுத் தீயில் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். வழியில் கரண்டியும் கத்தியும் உரசினால் பூச்சு கீறிப் போகும்.

கனம் எவ்வளவு வேண்டும்?

பாத்திரக் கடையில் அடிக்கடி நடக்கும் பேச்சு இது.

"நல்ல கனமான கல்லாக் குடுங்க" என்பார் கணவர்.

"ஏங்க, அதை யாரு தூக்குறது?" என்பாள் மனைவி.

"அம்மா, லேசான கல்லு நாலு நாள்லே வளைஞ்சிடும்" என்பார் கடைக்காரர்.

மூன்று பேர் சொல்வதும் சரிதான்!

தோசை மாவில் பெரும் பங்கு தண்ணீர். மாவை ஊற்றியதும் அந்தத் தண்ணீர் கல்லின் சூட்டை இழுத்துக்கொண்டு ஆவியாகப் போகிறது. மெல்லிய கல்லில் சேமிப்புச் சூடு குறைவு. முதல் தோசை ஊற்றியதுமே கல் குளிர்ந்துவிடும். மாவு வேகாமல் ஒட்டும். தீயைக் கூட்டினால் அடுத்த தோசை கருகும். கனமான கல்லில் சூடு நிறைய இருக்கும். பத்து தோசை வரிசையாக ஊற்றினாலும் அது தளராது.

மெல்லிய தகட்டுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நடுவில் மட்டும் தீ படும்போது நடுப்பகுதி விரிகிறது. ஓரம் விரிவதில்லை. விரிந்த இரும்பு எங்கே போகும்? மேலே புடைக்கும், அல்லது கீழே குழியும். குழிந்தால் எண்ணெய் எல்லாம் நடுவில் குளம் கட்டும். புடைத்தால் மாவு ஓரத்துக்கு ஓடும்.

அதற்காகப் பரோட்டாக் கடைக் கல்லைப் போல வாங்கலாமா? அது தூக்கி அலைவதற்கு ஆனதல்ல. கடையில் ஓர் இடத்தில் கிடப்பதற்கே ஆனது. கொத்துப் பரோட்டாவுக்கு இரண்டு தகட்டை வைத்து டக்டக் என்று கொத்துகிறார்களே, அந்த அடியைத் தாங்க வேண்டாமா?

எடையைக் கடைக்குப் போகும் முன்பே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். கணக்கு மிகவும் சுலபம்.

ஒரு சதுர அடி இரும்புத் தகடு, ஒரு எம்.எம். கனத்துக்கு, சுமார் முக்கால் கிலோ எடை இருக்கும்.

2 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள நீளக் கல்லை எடுத்துக்கொள்வோம். அது 3 சதுர அடி. 5 எம்.எம். கனம் என்றால் சுமார் 11 கிலோ. 10 எம்.எம். என்றால் 22 கிலோ. அது ஒரு சிறு அரிசி மூட்டை!

12 அங்குல வட்டக் கல், 4 எம்.எம். கனத்தில், இரண்டே கால் கிலோதான். ஒரு பெண் ஒரு கையில் தூக்கிவிடலாம்.

வீட்டுப் பிரயாணத்துக்கு 4 அல்லது 5 எம்.எம். கனமே போதும். அதற்குக் குறைந்தால் வளையும். அதற்கு மேல் போனால் முதுகு வளையும்!

நீளக் கல்லா, வட்டக் கல்லா?

14 பேர். ஆளுக்கு 3 தோசை. மொத்தம் 42 தோசை.

ஒரே ஒரு வட்டக் கல். ஒரு தோசைக்கு 2 நிமிஷம். 42 தோசை சுட 84 நிமிஷம் ஆகும். கடைசி ஆள் சாப்பிடும்போது முதலில் சாப்பிட்டவருக்கு மறுபடியும் பசித்துவிடும்.

நீளக் கல்லில் 4 தோசை ஒரே நேரத்தில் ஊற்றலாம். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பார்க்க அழகாகவும் இருக்கும்.

ஆனால் நீளக் கல்லுக்கு நீள நெருப்பு வேண்டுமே! ஒற்றை அடுப்பின் மேல் 2 அடிக் கல்லை வைத்தால் நடுவில் உள்ளது கருகும். இரு பக்கமும் உள்ளது வெளுத்துக் கிடக்கும். அதற்கு இரண்டு அடுப்பு வேண்டும். அல்லது செங்கல் அடுக்கி நீளமாக விறகு மூட்ட வேண்டும்.

இரண்டு அடுப்பு இருக்கிறது என்றால், இரண்டு வட்டக் கல் வாங்குவதே புத்திசாலித்தனம். இரண்டும் சேர்த்து நாலரை கிலோதான். நீளக் கல்லின் எடையில் பாதிகூட இல்லை. 42 தோசையும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒன்றில் தோசை, மற்றொன்றில் சப்பாத்தி என்று மாற்றியும் போடலாம். ஒன்று கெட்டுப்போனால் மற்றொன்று கைகொடுக்கும். அண்ணன் வீட்டில் ஒன்று, தம்பி வீட்டில் ஒன்று என்று வைத்துக்கொள்ளவும் சௌகரியம்.

அன்னதானம் செய்கிறவர்களுக்கும், தள்ளுவண்டியில் டிபன் கடை போடுகிறவர்களுக்கும் நீளக் கல்தான் சரி. அவர்களுக்குத் தோதான அடுப்பு உண்டு. சட்டம் உண்டு. தள்ளிச் செல்லச் சக்கரமும் உண்டு.

கடையில் சோதிப்பது எப்படி?

கல்லைக் கையில் எடுத்ததும் விலை கேட்க வேண்டாம். முதலில் அதைச் சமதரையில் வையுங்கள். ஓரத்தை ஒரு விரலால் அழுத்துங்கள். ஆடினால் அது வளைந்த கல்.

பிறகு ஒரு இரும்பு ஸ்கேலைக் கல்லின் மேல் குறுக்காக நிறுத்திப் பாருங்கள். ஸ்கேலுக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா? தெரிகிற இடம் பள்ளம். வட்டத் தோசைக்கல்லில் நடுப்பக்கம் மிக லேசான குழிவு வேண்டும் என்றே சிலர் கேட்டு வாங்குவார்கள். அது அவர்கள் கைப்பழக்கம். மேடு மட்டும் கூடவே கூடாது.

வார்ப்பிரும்பு வாங்குகிறவர்கள் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல வார்ப்பு கணீர் என்று ஒலிக்கும். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போய் வரும். மண் பானையைத் தட்டி வாங்குகிற அதே வித்தைதான்.

கைப்பிடியைக் கவனிக்க வேண்டும். மரப்பிடி விறகு அடுப்பில் எரிந்துபோகும். பிளாஸ்டிக் போன்ற கறுப்புப் பிடியும் தாங்காது. இரண்டு பக்கமும் இரும்புக் காது வைத்த கல்தான் வெளிச் சமையலுக்கு நல்லது. காது நன்றாகப் பற்ற வைக்கப்பட்டிருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். நீட்டுப் பிடி வைத்த கல் மூட்டையில் அடங்காது. கூட்டத்தில் ஒரு குழந்தையின் கை பட்டால் கல்லே கவிழ்ந்துவிடும்.

புதுக் கல்லைப் பழக்க வேண்டும்

புதுக் கல்லைக் கோவில் வாசலில் முதன்முதலாக அடுப்பில் ஏற்றினால் தோசை வராது. மாமியார் வாயிலிருந்து வேறு ஏதாவது வரும்!

ஒரு வாரத்துக்கு முன்பே வீட்டில் அதைப் பழக்க வேண்டும்.

துருப் பிடிக்காமல் இருக்கக் கடையில் ஒருவித எண்ணெய் பூசி வைத்திருப்பார்கள். அது சாப்பிடத் தகாதது. சோப்புப் போட்டுத் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்க்க வேண்டும். பிறகு அரிசி கழுவிய கழுநீரில் 2 நாள் ஊற வைப்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம். கழுநீரைத் தினமும் மாற்ற வேண்டும். எடுத்ததும் தேய்த்துக் கழுவி, உடனே அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய வைக்க வேண்டும்.

இனிதான் முக்கியமான வேலை. காய்ந்த கல்லில் நல்லெண்ணெயைத் துணியால் தடவுங்கள். தடவியதைத் துடைத்தும் எடுங்கள். "துடைத்துவிட்டால் என்ன மிஞ்சும்?" என்று கேட்கலாம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு மிஞ்சும். அதுதான் வேண்டும். லேசாகப் புகை வரும் வரை கல்லைச் சூடாக்குங்கள். எண்ணெய் இறுகிக் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். கதவுக்கு வார்னிஷ் அடித்தால் காய்ந்து இறுகுகிறது அல்லவா? அதுபோலத்தான்.

இப்படி 4, 5 முறை செய்தால் கல் கறுத்து மினுமினுக்கும். கல்லுக்கும் மாவுக்கும் நடுவே ஒரு திரை விழுந்துவிட்டது என்று அர்த்தம். எண்ணெயைக் கொட்டிச் சூடாக்கினால் திரை விழாது. பிசுபிசுவென்று பிசின்தான் பிடிக்கும்.

கடைசியில் வெங்காயத்தை நறுக்கிப் போட்டு நிறைய எண்ணெயில் வதக்கிக் கொட்டிவிடுவார்கள். அதன் பிறகு வார்க்கும் முதல் தோசை சரியாக வராது. இரண்டாவது சுமாராக வரும். மூன்றாவது தோசை வட்டமாக எழுந்து வரும்.

பழகிய கல்லை மறுபடியும் சோப்புப் போட்டுச் சுரண்டினால் செய்த வேலை எல்லாம் வீண். இந்த விஷயத்தில் தள்ளுவண்டிக்காரரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். வியாபாரம் முடிந்ததும் அவர் கல்லைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்க மாட்டார். வெதுவெதுப்பாக இருக்கும்போதே தோசைத் திருப்பியால் வழித்து, துணியால் துடைத்து, எண்ணெய் தடவிவிட்டுப் போய்விடுவார்.

குதித்து ஓடும் தண்ணீர்த் துளி

வெளியிடத்தில் காற்று அடிக்கும். தீ ஆடும். கல் காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தண்ணீர் தெளித்துப் பார்க்க வேண்டும். துளி சும்மா கிடந்து மெதுவாகக் கொதித்தால் கல் காயவில்லை. "சுர்" என்று சத்தம் போட்டு உடனே மறைந்தால் பதம் சரி. துளி முத்துப்போல உருண்டு கல்லின் மேல் குதித்து ஓடினால் சூடு அதிகம்!

சூடு அதிகமானால் தண்ணீர் சீக்கிரம் மறைய வேண்டாமா? ஏன் ஓடுகிறது? துளியின் அடிப்பாகம் கல்லைத் தொட்டதும் ஆவியாகிறது. அந்த ஆவி ஒரு மெத்தைபோல நின்று துளியைத் தாங்குகிறது. துளி கல்லைத் தொடுவதே இல்லை. லைடன்பிராஸ்ட் என்ற ஜெர்மன் வைத்தியர் இதைப் பற்றி 1756-ம் ஆண்டில் எழுதி வைத்தார். கல் சுமார் 200 டிகிரியை எட்டும்போது இந்த வேடிக்கை நடக்கும்.

அப்போது மாவை ஊற்றக் கூடாது. ஊற்றினால் கரண்டியோடு சுருண்டு வரும். தீயைக் குறைத்துவிட்டு, ஈரத் துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு ஊற்ற வேண்டும்.

அதற்காகச் செம்புத் தண்ணீரை அப்படியே கவிழ்த்துவிடக் கூடாது. தகட்டுக் கல் வளையும். வார்ப்பிரும்பாக இருந்தால் "படீர்" என்று விரிசலே விழலாம்.

மூட்டை கட்டுவது எப்படி?

சாப்பாடு முடிந்தது. டிரைவர் அவசரப்படுத்துகிறார். "ஏறுங்க, ஏறுங்க!" என்று ஒரே சத்தம். கல்லை யாராவது அவசரமாக எடுத்து உள்ளே வைக்கிறார்கள். இங்கேதான் விபத்து நடக்கிறது.

சூடான இரும்பு பார்ப்பதற்குச் சூடாகத் தெரியாது. இரும்பு சிவந்து தெரிய வேண்டுமானால் 500 டிகிரிக்கு மேல் காய வேண்டும். 200 டிகிரியில் அது எப்போதும்போலக் கறுப்பாகத்தான் இருக்கும். குழந்தை அதன் மேல் கையை ஊன்றினால் தோல் வெந்துவிடும்.

கல்லை அடுப்பிலிருந்து இறக்கி, குழந்தைகள் போகாத இடத்தில் அரை மணி நேரமாவது ஆற விட வேண்டும். எடுக்கும் முன் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சத்தம் வரக் கூடாது.

ஒருவேளை கை சுட்டுவிட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும். சிலர் இட்லி மாவைப் பூசுகிறார்கள். சிலர் பேனா மையைத் தடவுகிறார்கள். பற்பசை பூசுகிறவர்களும் உண்டு. இவை எல்லாம் தவறு. சூடு உள்ளேயே தங்கும். புண் சீழ் பிடிக்கவும் வழி ஆகும். கொப்புளம் பெரிதாக இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

ஆறிய கல்லைத் துடைத்து, ஒரு பழைய பருத்தித் துணியில் சுற்றி, பிறகு சாக்கில் போட்டுக் கட்ட வேண்டும். இரண்டு கல் இருந்தால் நடுவே ஒரு துணி மடித்து வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்துத் துருப் பிடிக்கும்.

வேனில் எங்கே வைப்பது? கால் வைக்கும் தரையில், ஸீட்டுக்கு அடியில் படுக்கையாக வைக்க வேண்டும். மேலே உள்ள சாமான் தட்டில் வைக்கவே கூடாது. டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் கல் பறந்து வரும். யார் தலை என்று அது பார்க்காது.

கடற்கரை ஊருக்குப் போகிறவர்களுக்குக் கூடுதல் வேலை உண்டு. ராமேசுவரம், திருச்செந்தூர் போன்ற ஊர்களின் உப்புக் காற்றில் இரும்பு ஒரே இரவில் செம்மண் நிறம் ஆகிவிடும். இரவு படுக்கும் முன் கல்லுக்கு எண்ணெய் தடவத் தவறக் கூடாது.

மாவு விஷயத்திலும் ஜாக்கிரதை வேண்டும். பயணச் சூட்டில் மாவு வேகமாகப் புளிக்கும். தூக்கு நிறைய ஊற்றி மூடினால் பாதி வழியில் பொங்கி, பட்டுப் புடவை மேல் வழியும். பாதித் தூக்குதான் ஊற்ற வேண்டும். இரண்டாம் நாளுக்கு மேல் தோசை மாவை நம்ப முடியாது. அதற்குக் கோதுமை மாவோ, கேழ்வரகு மாவோ, ரவையோ உலர்ந்தபடியே எடுத்துப் போவது நல்லது.

9 உயிரைக் குடித்த அடுப்பு

கல்லை எங்கும் எடுத்துச் செல்லலாம். அடுப்பு விஷயம் அப்படி அல்ல.

2023-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி. அதிகாலை 5¼ மணி. மதுரை ரெயில் நிலையத்தின் அருகே ஒரு சுற்றுலாப் பெட்டி தனியாக நின்றுகொண்டிருந்தது. உத்தரப்பிரதேச மாநிலம் லட்சுமணபுரியிலிருந்து (லக்னோ) தென்னாட்டுக் கோவில்களைத் தரிசிக்க வந்தவர்கள் அதில் இருந்தார்கள். மதுரையிலிருந்து ராமேசுவரம் போகக் காத்திருந்தார்கள்.

திடீரென்று பெட்டி தீப்பிடித்து எரிந்தது. 9 பேர் பலியானார்கள். பலர் காயம் அடைந்தார்கள்.

காரணம் என்ன? பெட்டிக்குள் விதியை மீறிச் சமையல் கியாஸ் சிலிண்டரை எடுத்து வந்திருந்தார்கள். அதனால்தான் தீப்பிடித்தது என்று ரெயில்வே அறிவித்தது.

காசிக்குப் போகிற நம் ஊர்க்காரர்களைப் போலவே அவர்களும் புண்ணிய யாத்திரை வந்தவர்கள். வெளியூர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று நினைக்கிறவர்கள் எந்த மாநிலத்திலும் இருக்கிறார்கள்.

ரெயிலில் கியாஸ், மண்ணெண்ணெய், பெட்ரோல் எதையும் கொண்டுபோகக் கூடாது. 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 164-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில் தண்டனையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பஸ்ஸிலும் கூடாது. ஆட்கள் நெருக்கி உட்காரும் வேனில் சிலிண்டரை ஏற்றுவதும் ஆபத்துதான்.

கியாஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு பரவி, ஸீட்டுக்கு அடியில் தங்கும். மூடிய வண்டியில் ஒரே ஒரு தீப்பொறி போதும்.

அப்படியானால் நெருப்புக்கு என்ன வழி?

போகிற ஊரில் வாடகைப் பாத்திரக் கடை இருக்கும். கல்யாணத்துக்கு அண்டாவும் குண்டாவும் வாடகைக்குக் கொடுக்கிற கடைதான். அடுப்பும் அங்கேயே கிடைக்கும். கோவிலை அடுத்துப் பொங்கல் வைக்கிற இடம் இருந்தால், பக்கத்திலேயே விறகு விற்பார்கள். கல் நம்முடையது, நெருப்பு அந்த ஊருடையது! இந்த ஏற்பாட்டில் சுமையும் பாதி குறைந்துவிடும்.

காற்றும் காடும்

வாடகைக்குக் கியாஸ் அடுப்பு எடுத்தால் சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். கல் அடுப்பை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு சிலிண்டருக்கு மேலே வரக் கூடாது. கல்லின் சூடு கீழே இறங்கிச் சிலிண்டரைக் காய்ச்சும். கையடக்கமான சின்ன அடுப்புகளில் கியாஸ் டப்பா அடுப்பின் பக்கத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். அந்த அடுப்பின் மேல் பெரிய கல்லை வைப்பது வெடிக்கு வழி செய்வதாகும்.

விறகு அடுப்பு என்றால் காற்று வரும் பக்கத்தை அடைத்துச் செங்கலோ கல்லோ அடுக்க வேண்டும். மூன்று பக்கம் அடைப்பு. ஒரு பக்கம் வாய். தீ ஆடாது. விறகும் குறையும். நனைந்த ஆற்றுக் கல்லை அடுப்புக்கு வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறலாம்.

மழை வந்துவிட்டது என்று அடுப்பை வேனுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டுபோவது மிகப் பெரிய தவறு. கரி அடுப்பிலிருந்து வரும் நச்சுப் புகைக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

காப்புக் காட்டில் அடுப்பு மூட்டுவது சட்டப்படி குற்றம். மாசி, பங்குனியில் மலையில் புல் பஞ்சாகக் காய்ந்து கிடக்கும். 2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ பரவியபோது, மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். மலைக்கோவிலுக்குப் போகிறவர்கள் கீழேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டும். மேலே போவதற்குக் கட்டுச்சோறுதான் சரி.

சமையல் முடிந்ததும் தணலில் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடியும் ஊற்ற வேண்டும். மேலே மண்ணை மட்டும் தள்ளிவிட்டுப் போனால் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். வெறுங்காலோடு வரும் அடுத்த குடும்பத்துக் குழந்தை அதில் கால் வைக்கலாம்.

வீடு திரும்பியதும்

3 நாள் கழித்து வேன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. எல்லாரும் களைப்பாக இருக்கிறார்கள். பிரசாதப் பை உள்ளே போகிறது. துணி மூட்டை உள்ளே போகிறது. தோசைக்கல் சாக்கு மூட்டையோடு பின்கட்டில் ஒரு மூலையில் கிடக்கும். அடுத்த பிரயாணத்தின்போது பிரித்தால் சாக்கும் கல்லும் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அன்று இரவே பிரித்துவிட வேண்டும். அடியில் பிடித்த விறகுக் கரியைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்து, மேற்பக்கத்தைத் துடைத்து, 5 நிமிஷம் அடுப்பில் காய வைத்து, எண்ணெய் தடவிச் சுவரில் மாட்டிவிடலாம்.

துருப் பிடித்துவிட்டாலும் கல்லைப் பழைய இரும்புக்காரரிடம் போட வேண்டியதில்லை. உப்புத்தாளால் தேய்த்து, கழுவி, புதுக் கல்லுக்குச் செய்ததுபோல மறுபடியும் முதலிலிருந்து எண்ணெய் பூசிச் சூடாக்க வேண்டும். ஒரு நாள் வேலை. மறுநாள் மூன்றாவது தோசை எழுந்து வந்துவிடும்.